நெல்லைச் சீமையில் குடியேற ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுக்கும் முறை

பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கக்கூடியவர்கள், பிள்ளைகளை ஆற்றுக்கும் வயலுக்கும் பக்கத்தில் வளர்க்க நினைப்பவர்கள் எனப் பலரும் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் கிராமங்களில் வீடு தேடுகிறார்கள். அவர்களில் பலர் குற்றாலச் சீசனில் வந்து, சாரலில் நனைந்த வயலையும் மேகம் இறங்கிய மலையையும் பார்த்து, ஊர் திரும்பும் முன்பே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அதே ஊரில் சித்திரை வெயிலில் கிணறு எந்த நிலையில் இருக்கும், ஐப்பசி அடைமழையில் அந்தத் தெரு வழியாக எவ்வளவு தண்ணீர் போகும் என்பவை அவர்கள் கேட்காத கேள்விகளாகவே நின்றுவிடுகின்றன. ஓர் ஊரைக் கோடையிலும் காற்றுக் காலத்திலும் மழைக்காலத்திலுமாக மூன்று முறை பார்க்காமல் அங்கே மனையோ வீடோ வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எப்போது போவது, எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று பயணங்களுக்கும் நாள் குறிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபைக் கூட்டம் நடைபெறுகிறது. இவற்றில் மே 1 கடுங்கோடையிலும், ஆகஸ்ட் 15 காற்றுக் காலத்திலும், நவம்பர் 1 வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலும் விழுகின்றன. அந்த நாட்களை ஒட்டி இரண்டு இரவுகள் தங்கும்படி போனால் பருவத்தையும் பார்க்கலாம், ஊர்க்காரர்கள் தங்கள் குறைகளைத் தங்கள் வாயாலேயே சொல்வதையும் கேட்கலாம். ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக அமர்ந்து கேட்டால் போதும். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்பவை ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், ஆழ்வார்குறிச்சி, இலஞ்சி போன்ற ஊர்கள் பேரூராட்சிகள் என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. அத்தகைய ஊர்களில் இந்த விவரங்களைப் பேரூராட்சி அலுவலகத்திலும் தேநீர்க் கடையிலும்தான் கேட்டு அறிய வேண்டும்.

மலையடிவாரம் முதல் தேரி வரை

செங்கோட்டையிலிருந்து கிளம்பி ஒரு காலைப்பொழுதுக்குள் உவரிக் கடற்கரையை அடைந்துவிடலாம். அந்தக் குறுகிய தூரத்துக்குள் தட்பவெப்பம் பலமுறை மாறுகிறது. எந்தப் பகுதி நமக்கு ஒத்துவரும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு அந்தப் பகுதிக்குள் ஊரைத் தேடுவதே முறை.

செங்கோட்டை, பண்பொழி, இலஞ்சி, மேலகரம் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவு கணவாய்க்கு நேராக அமைந்துள்ளன. மலைத்தொடர் இங்கே தாழ்ந்திருப்பதால் ஜூன் மாதம் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் ஒரு பங்கு கணவாய் வழியாக இப்பக்கம் வழிந்து சாரலாக விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையும் இவ்வூர்களுக்கு உண்டு. ஆண்டில் இரண்டு மழை பெறும் இந்த மூலை, தமிழ்நாட்டுச் சமவெளியில் அரிதான ஒன்று. ஈரம் மிகுந்த இடத்துக்குரிய சிரமங்களும் இங்கே உண்டு. சீசன் மாதங்களில் துணி காயாது, புத்தகங்களிலும் தோல் பொருட்களிலும் பூஞ்சணம் பிடிக்கும், மரச்சாமான்களைக் கரையான் அரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஆடி மாதத்தில் இங்கே ஒரு வாரமாவது தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே கடையம், சிவசைலம், பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி என்று மலையை ஒட்டியே போனால் காட்சி ஒன்றுபோல் இருந்தாலும் மழை வேறாகிவிடுகிறது. பொதிகையின் அகத்தியர் மலை 1,860 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பதால், தென்மேற்கு மழை மலையின் மறுபக்கத்திலும் உச்சியிலும் கொட்டித் தீர்ந்துவிட, அடிவாரத்துக்குப் பெரும்பாலும் மேகமும் காற்றுமே வந்து சேர்கின்றன. உச்சியில் பெய்த மழை ஆறாக இறங்கி வருவதால் வானம் பெய்யாத மாதத்திலும் வயலில் தண்ணீர் ஓடுவதைக் காணலாம். மழைநீரும் ஆற்றுநீரும் வெவ்வேறு காலத்தில் வருகிற இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் இப்பகுதியின் விவசாயமும் வாழ்க்கையும் புரியும்.

கிழக்கே ஆலங்குளம், மானூர், கங்கைகொண்டான், நாங்குநேரி வட்டாரங்கள் மழை மறைவுப் பகுதிகள். மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்றால், இவ்வட்டாரங்களுக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. கிடைப்பதில் பெரும்பங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. காற்று உலர்ந்திருப்பதால் வெயில் கடுமையாக இருந்தாலும் புழுக்கம் குறைவு. மூட்டுவலி உள்ள முதியவர்கள் சிலர் செங்கோட்டையை விட இதையே விரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். தெற்கே வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பகுதிகள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் பாதையில் உள்ளன. காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதற்கு அதுவே காரணம். திசையன்விளைப் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேடுகளும் பனங்காடும் தொடங்குகின்றன. கடற்காற்றால் பகல் வெப்பம் அங்கே கொஞ்சம் தணியும். ஆயினும் கிணற்று நீர் உவர்க்கும் இடங்கள் உள்ளன என்பதை மறக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலில் சேர்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்கள், அதாவது பாசன வாய்க்கால்கள், இரு கரையிலும் வயலையும் குளத்தையும் நிரப்புகின்றன. குடியிருக்க எது நல்ல ஊர் என்று என்னைக் கேட்டால், இந்தக் கால்களில் ஒன்றின் பாசனத்துக்குள், ஆற்றிலிருந்து மேடாக அமைந்த ஊரையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

முதல் பயணம்: சித்திரை

பாளையங்கோட்டையில் வெப்பநிலை கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தை ஒட்டிய நாட்களில் போய், பிற்பகல் இரண்டு மணிக்கு நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டின் உள்ளே அரை மணி நேரம் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். கனத்த சுவரும், ஓட்டுக் கூரையும், தெருப்பக்கம் தார்சா என்னும் முன்தாழ்வாரமும் உள்ள பழைய வீடுகளுக்கும், மரநிழல் இல்லாத புதிய மனைப்பிரிவில் கட்டிய கான்கிரீட் வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு அப்போது உடம்பில் தெரியும். இரவிலும் அங்கேயே தங்குங்கள், ஏனெனில் பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட் தளம் அதை இரவில்தான் வெளியே விடுகிறது.

சூரியனின் போக்கையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் அது வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலில் வெயில் படாது என்று வட இந்தியக் கணக்கில் வரைந்த வீட்டுப் படங்கள் இந்த மண்ணுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். வடக்குச் சுவருக்கும் தாழ்வாரமோ மரமோ தேவை. மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலையும் ஆடிக்காற்றையும் சேர்த்து வாங்குவதால், அங்கே வேம்பும் புங்கையும் நிற்கும் வீடு கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது.

சித்திரையில் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது தண்ணீர். மழைக்காலத்தில் பயிரிட்ட பிசான நெல் அறுவடை முடிந்து, காலில் தண்ணீரை அடைத்த பிறகு கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டை விற்பவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. கால் ஓடும்போது பத்தடியில் நிற்கும் தண்ணீர் கால் அடைத்ததும் முப்பதடிக்குப் போனால் அது ஊற்றில்லாத, கசிவை நம்பிய கிணறு. ஊரின் குளம் எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றுக் காலில் இருந்து நிரம்பும் குளம் பெரும்பாலான ஆண்டுகளில் பெருகும். மானாவாரிக் குளம் மழை பொய்த்த ஆண்டில் வெறும் கருவேலங்காடாகக் கிடக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தாமிரபரணித் தண்ணீர் ஊருக்கு வருகிறதா, வந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிணற்று நீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பது பெரிய செலவில்லாத வேலை. முடிவு வந்ததும், கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுவதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டவே கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் நீரிலுள்ள மிகுதியான ஃப்ளோரைடு பல்லில் கறையாகவும் காலப்போக்கில் எலும்பிலும் தங்கிவிடும்.

இரண்டாம் பயணம்: ஆடி

ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எழுந்து ஆவணி வரை ஓயாமல் அடிக்கும். ராதாபுரம், பணகுடி, கயத்தாறு, சுரண்டைப் பக்கங்களில் அதன் வேகத்தைப் பார்த்துத்தான் வாழைக்கு ஊன்றுகம்பு கொடுப்பார்கள். வீட்டு வாசல் மேற்குப் பார்த்திருந்தால் புழுதி எப்படி உள்ளே வருகிறது, தகரக் கூரையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், அடுப்படிப் புகை எப்பக்கம் போகிறது என்பவற்றை இந்தப் பயணத்தில் பாருங்கள். காற்றாலைக்கு அருகில் மனை வாங்குவதாக இருந்தால் இரவில் அங்கே நின்று இறக்கையின் இரைச்சலைக் காதால் கேட்ட பிறகே பேச்சைத் தொடங்குங்கள். ஊருக்கு மேற்கே கல்குவாரியோ கிரஷரோ இருந்தால் இந்த மாதங்களில் கல்தூள் முழுவதும் வீட்டுக்குள் வந்து படியும். அப்படிப்பட்ட இடத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

இதே பருவத்தில்தான் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறந்து கார்ப் பருவ நெல் சாகுபடி நடக்கும். வயலில் நடவும், காலில் நுரைத்து ஓடும் தண்ணீரும், கோயில் கொடை விழாக்களும் ஊரை நிறைத்திருக்கும். சித்திரை முதல் ஆவணி வரை நடக்கும் அம்மன், சுடலைமாடன் கொடைகளில் ஒன்றையாவது இருந்து பாருங்கள். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இரவு முழுவதும் நடக்கும், குழாய் ஒலிபெருக்கி விடியும்வரை ஓயாது. கோயில் எத்தனை வீடு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து, இந்த ஊரில் இருப்பது உங்களுக்கு மகிழ்ச்சியா சிரமமா என்பது தெரிந்துவிடும். குடியேறிய பிறகு ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லிப் புகார் கொடுப்பதை விட, முன்பே கேட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் வேறு தெருவில் வீடு பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

மூன்றாம் பயணம்: ஐப்பசி, கார்த்திகை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பகுதியில் வீடு வாங்கும் எவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஆண்டின் மழை ஒரே நாளில் கொட்டியது என்று இதற்குப் பொருள். தாமிரபரணியின் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகளோடு ரயில் நின்றுபோனது. ஆகவே எந்த ஊரானாலும் அந்த நாளில் இந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேட்பது கட்டாயம். பலர் சுவரில் தொட்டே காட்டுவார்கள்.

அதன் பிறகு குளத்தின் மறுகால், அதாவது நிரம்பிய நீர் வழிந்தோடும் வழி, எங்கே இருக்கிறது, மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாக அடுத்த குளத்துக்குப் போகும் என்பதை நடந்தே பார்க்க வேண்டும். நெல்லைச் சீமையின் குளங்கள் பல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்பு கொண்டவை. மேலே உள்ள குளம் நிறைந்து மறுகால் வழியாகக் கீழே உள்ளதை நிரப்பும். மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவையும் தாங்காமல் போகலாம். மறுகால் ஓடையை மேடாக்கி, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி விற்கும் மனைகளைக் கோடையில் பார்த்தால் ஓடை இருந்த தடமே தெரியாது. ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வாங்கி, உங்கள் புல எண்ணைச் சுற்றி ஓடை, வாய்க்கால், குளம் எனக் குறித்துள்ளவற்றைப் பாருங்கள். நிலத்தின் வகையைக் குறிக்கும் அ பதிவேட்டில் அந்த எண் நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால், பட்டா இருப்பதாக யார் சொன்னாலும் அந்த மனையைத் தொட வேண்டாம்.

மலையடிவார ஊர்களில் நவம்பரில் காட்டாற்று வெள்ளம் முன்னறிவிப்பின்றி வரும். கீழே ஒரு துளியும் பெய்யாத வேளையில் ஊத்து, நாலுமுக்கு போன்ற மலையுச்சி எஸ்டேட் பகுதிகளில் பெருமழை பெய்து, சில மணி நேரத்தில் ஆறு நிறம் மாறி இறங்குவது உண்டு. பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணை நிரம்பும் நிலைக்கு வந்ததா என்று நாளிதழில் பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போவது இங்கே உள்ளவர்களின் வழக்கம். அந்த வழக்கத்தை நீங்களும் முதல் மழைக்காலத்திலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

நடை, குளியல், பறவை, பொத்தை

வெளியில் போய் வருவதற்கான இடங்கள் ஒரு சிற்றூரில் வாழ்வதற்கான பாதிக் காரணம் என்று நான் நினைக்கிறேன், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சுற்றுலா இடங்கள் பற்றிய விளம்பரங்களை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குற்றாலம் இருபது கிலோமீட்டரில் இருப்பதால் உங்கள் அன்றாட வாழ்க்கை மாறிவிடாது. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களே அருவிக்குப் போகத் தயங்குவார்கள். வீட்டிலிருந்து கால்நடையாகப் போய்வரக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

நல்ல குளக்கரை ஒன்று இருந்தால் அதுவே போதும். அகலமான கரையும், மடையும், கரையோரம் பழைய மருதமரங்களும், ஒரு சாஸ்தா கோயிலும் உள்ள குளம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. பங்குனி உத்திரத்தில் குலசாஸ்தாவை வணங்க வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் அங்கே பொங்கலிட்டுத் தங்கும். காலை ஆறு மணிக்கு அந்தக் கரையில் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். பெண்களும் முதியவர்களும் தனியாக நடந்தால் அந்த ஊர் நடக்கத் தகுந்த ஊர். கரை முழுவதும் மதுப்பாட்டில் உடைந்து கிடந்தால், அங்கே மாலையில் என்ன நடக்கிறது என்பதைப் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை.

ஆற்றுக்குளியல் நெல்லைச் சீமையின் தனிப் பேறு. பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, முக்கூடல், திருப்புடைமருதூர் ஆகிய ஊர்களின் படித்துறைகளில் காலையும் மாலையும் குளிப்பவர்கள் இன்றும் உண்டு. திருநெல்வேலி நகரத்தைத் தாண்டியதும் சாக்கடை கலப்பதால் நீரின் தரம் குறைகிறது, எனவே அன்றாடம் குளிக்க எண்ணுபவர் நகரத்துக்கு மேல்பக்கத்து ஊரைப் பாருங்கள். படித்துறையில் ஊர்க்காரர்கள் எந்த இடத்தில் இறங்குகிறார்களோ அந்த இடத்தில் மட்டும் இறங்குவது பாதுகாப்பு. மணல் அள்ளிய குழிகளும் கசம் எனப்படும் இயற்கையான ஆழப் பள்ளங்களும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, நீச்சல் தெரிந்தவரையும் அவை இழுத்துவிடும். பிள்ளைகளுக்கு ஆற்றில் நீச்சல் பழக்க வேண்டாம். படிக்கட்டு உள்ள கிணற்றிலோ, மெதுவாக ஓடும் காலிலோ, இடுப்பில் கயிறும் கையில் லாரி டியூபுமாகப் பழக்குங்கள். சோப்பும், துணி துவைக்கும் பொடியும், பரிகாரம் என்று ஆற்றில் விடும் பழந்துணியும் இந்த ஆற்றை வருத்துகின்றன. குடியேறுகிறவர் அவற்றைச் செய்யாமல் இருப்பதே ஆற்றுக்குச் செய்யும் முதல் உதவி.

திருப்புடைமருதூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருதமரங்களில் நீர்ப்பறவைகள் கூடுகட்டுகின்றன. 2005-இல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்து மரங்களோடு நில்லாமல் ஊர்த் தெருக்களின் மரங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கூடு வைக்கின்றன. செங்கால் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகக் காத்துவரும் அந்த ஊரார் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளம் 2022-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மார்கழிக் கடைசி முதல் மாசி வரை பறவை பார்க்க ஏற்ற காலம். மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. தன்னார்வலராக அதில் சேர்ந்தால் இரண்டே நாளில் இந்த நாட்டின் குளங்களையும், அவற்றை நேசிக்கும் மனிதர்களையும் அறிந்துகொள்ளலாம். ஊருக்குப் புதியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளைப் பொத்தை என்பார்கள். பல பொத்தைகளின் மேல் முருகன் கோயில் இருக்கும். விடியலில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். பங்குனிக்குப் பிறகு எட்டு மணிக்கே பாறை சுடும். மலைக்காட்டைப் பொறுத்தவரை, 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை திறந்துவைத்துள்ள இடங்களுக்கு மட்டுமே, அவர்கள் விதித்த நேரத்தில் போகலாம். அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, களக்காட்டில் தலையணை என்னும் தடுப்பணை ஆகியவை அப்படிப்பட்டவை; வெள்ளக் காலத்தில் அவை மூடப்படும். நண்பர் யாரோ குறுக்கு வழி காட்டுகிறார் என்று காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

உவரி, இடிந்தகரைப் பக்கத்துக் கடலில் மாலையில் உட்காரலாம், மணலில் நடக்கலாம். இறங்கிக் குளிப்பதற்கு ஏற்ற கடல் அது இல்லை. சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளில் திடீரென்று பெரிய அலைகள் எழும் கள்ளக்கடல் பற்றி அரசு எச்சரிக்கை வந்தால் கரைக்கே போகாதீர்கள்.

கூட இருக்கும் உயிர்களும் மனிதர்களும்

மலையடிவார ஊர்களில் கரடியும் சிறுத்தையும் இறங்குவதும், ஆடும் நாயும் பிடிபடுவதும் கற்பனைக் கதைகள் இல்லை. இருட்டியபின் தனியாகத் தோட்டத்துக்குப் போகாமல் இருப்பது, நாயைத் தொழுவத்துக்குள் அடைப்பது, குப்பையைத் திறந்து போடாமல் இருப்பது ஆகிய மூன்றும் அங்கே அடிப்படை ஒழுக்கங்கள். சமவெளியில் மயிலும் காட்டுப்பன்றியும் காய்கறித் தோட்டத்தை விட்டுவைக்காது. வீட்டுத் தோட்டக் கனவோடு வருகிறவர் வேலிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வயல்வரப்பில் நடக்கும்போது கையில் டார்ச்சும் காலில் மூடிய செருப்பும் தேவை. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நஞ்சுமுறி மருந்து உங்கள் ஊருக்கு மிக அருகில் எந்த அரசு மருத்துவமனையில் எந்நேரமும் கிடைக்கிறது என்பதைக் குடியேறும் முன்பே நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் இந்த வட்டாரத்தின் கடைசிப் புகலிடம். இரவில் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை ஒருமுறை வண்டியில் போயே அளந்துவிடுங்கள்.

போக்குவரத்துக்கு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதே முதல் கேள்வி. திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதையில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று சிறிய நிலையங்கள் வரிசையாக இருப்பதால், வண்டி ஓட்டாத முதியவர்களுக்கு அந்தப் பாதையை ஒட்டிய ஊர்கள் மிக வசதி.

இன்னொன்றைக் கூச்சமின்றிப் பார்க்க வேண்டும். தேநீர்க் கடையில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்களா, படித்துறையில் எல்லோரும் இறங்குகிறார்களா, மாலையில் வாலிபால் மைதானத்தில் எல்லாத் தெருப் பையன்களும் ஒரே அணியில் ஆடுகிறார்களா என்று கவனியுங்கள். சாதிப் பகை இந்தச் சீமையின் சில ஊர்களைப் பலமுறை காயப்படுத்தியிருக்கிறது. அந்தக் காயம் பள்ளிப் பிள்ளைகள் வரை வந்ததை நாம் கண்டோம். வீடு காட்ட வரும் தரகர், பெயரைக் கேட்டுவிட்டு ஊரையும் சமூகத்தையும் துருவினால், அந்தத் தெருவில் உங்கள் பிள்ளைகள் யாரோடு விளையாடுவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பொது இடங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஊர்களும் இங்கே ஏராளம். காற்றும் தண்ணீரும் சற்றுக் குறைவாக இருந்தாலும் அப்படிப்பட்ட ஊரையே நான் பரிந்துரைப்பேன்.

மூன்று பயணங்களும் மனத்துக்கு நிறைவாக அமைந்தால்கூட உடனே வாங்கிவிடாமல், அதே ஊரில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீடு பிடியுங்கள். பங்குனியில் குடிவந்தால் வெயில், காற்று, மழை மூன்றும் அடுத்தடுத்து வந்து, தை பிறக்கும்போது ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும். அந்தப் பதினொரு மாதமும் கிணற்று நீர்மட்டம், குடிநீர் வந்த நாட்கள், மின்தடை, மறுகால் பாய்ந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கொல்லையில் ஒரு சிறிய மழைமானி வைத்தால் இன்னும் நல்லது. விலை பேசத் தை, மாசியே ஏற்ற காலம்: அறுவடை தொடங்கியிருக்கும், சாலைகள் காய்ந்திருக்கும், மழையில் எந்த மனை மூழ்கியது என்பதும் ஊரார் நினைவில் பசுமையாக இருக்கும்.